கேட்காமல் எடுத்த கறைகள்

பெயிண்ட் அடிக்கிறவன் சட்டை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன வருஷம் அடித்த வீட்டுப் பச்சை முழங்கையில் இருக்கும். அதற்கு முந்தைய பள்ளிக்கூடத்து மஞ்சள் தோளில் இருக்கும். அவளுடைய வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராதவர். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வேலைக்குப் போவார். சாயங்காலம் அதே வெள்ளையில் திரும்பி வந்து, தெருமுனை டீக்கடை வாசலில் கைகளை அகல விரித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். இதனால் அவருக்கு வெள்ளைச்சட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ என்று போய்விடுவார்.

"பெயிண்டர் சட்டையில பெயிண்ட் இல்லன்னா அவன் வேலையே செய்யலன்னு அர்த்தம்ப்பா" என்று கூட வேலை செய்கிறவர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

"என்னைக் கூப்பிட்டது சுவத்துக்கு அடிக்க. சட்டைக்கு அடிக்க இல்ல" என்பார் அவர். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் அந்தத் தலைக்கனத்துக்குத் தகுந்த கை அது. மேற்கூரைக்கு ரோலர் ஓட்டினாலும் ஒரு சொட்டு கீழே விழாது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

அவளுக்குப் பிழைப்பே கறையில்தான். பெரிய சாலையில் இருக்கும் லாண்டரியின் பின்னறையில், ஜன்னலோரமாக ஒரு மேஜை. அதன்மேல் பழைய துண்டுகள், ஸ்பிரிட், டர்பன்டைன், சோப்புத் தண்ணீர், மழுங்கிய கரண்டி, தேய்ந்த பல் பிரஷ்கள். கடைக்கு வருகிற துணிகளில் கறை உள்ளதெல்லாம் அவளிடம் வரும். குழம்பு, மை, கிரீஸ், ரத்தம், உதட்டுச் சாயம், பெயிண்ட். துணியைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்ப்பாள், நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தண்ணீர் பெயிண்ட் காய்ந்திருந்தால் ஸ்பிரிட் போட்டு இளக்குவாள். எண்ணெய் பெயிண்டாக இருந்தால் கறை உள்ள பக்கத்தைத் துண்டின்மேல் கவிழ்த்து, பின்பக்கமிருந்து டர்பன்டைன் ஒற்றுவாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் கறை போய் வளையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேய்க்கவே கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தேய்ப்பார்கள், துணியின் உயிரை எடுப்பார்கள், திட்டு வாங்குவார்கள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. முதலாளியம்மா முதல் நாளே அவளைக் கூப்பிட்டுச் சொன்னது.

"இந்தா பாரும்மா, கறை எதால வந்துச்சுன்னு கேளு. அது நமக்குத் தெரிஞ்சாகணும். எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேட்டுறாத. சட்டைக்குப் பின்னாடி ஆயிரம் இருக்கும். கேட்டா அவங்க அடுத்த தடவ வேற கடைக்குப் போயிருவாங்க."

அவள் கேட்டதில்லை. எத்தனையோ சட்டைகள், எத்தனையோ கதைகள், எதையும் கேட்டதில்லை. வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுப்பது அவளுக்குக் கையோடு ஒட்டிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தை வேலை முடிந்ததும் ஏப்ரனோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் வினை.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் முதல் சொட்டைப் பார்த்தாள். துவைக்கப் போட்ட சட்டையின் இடது தோளில் கடுகளவு சாம்பல் நிறம். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. 'ஐயாவும் மனுஷன்தான்' என்று நினைத்துக்கொண்டாள். கேட்டால் முகம் தொங்கிப்போகும்; நாலு நாளைக்குப் பேச மாட்டார். ஸ்பிரிட்டை ஒற்றினாள், எடுத்தாள், துவைத்துக் காயப்போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் இடது கைமடிப்பில் கிரீம் நிறம். இடது விலாவில் பச்சை. பேன்ட்டின் இடது தொடையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. மழை வலுக்க வலுக்கக் கறையும் வலுத்தது. எல்லாம் இடது பக்கம். வலது பக்கத்தில் தேடினாலும் ஒரு புள்ளி கிடைக்காது. இடது கையில் தெம்பு குறைகிறதோ, தோளில் வலியோ, சொல்லாமல் மறைக்கிறாரோ என்று அவளுக்கு அரிக்க ஆரம்பித்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது பார்க்காமலா இருப்பார்? அவமானத்தில் பேசாமல் இருக்கிறார், நானும் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்று இருந்தாள். ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொள்வதாக அவளுக்கு எண்ணம்.

மழை விட்டதும் புதிய வேலை வந்தது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம். வெளிச்சுவர் முழுவதும் அடிக்க வேண்டும். மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று அடிக்கிற வேலை. அவரும் அவருடைய தம்பியும் ஒரே பலகையில். இடுப்புக்கு பெல்ட் கொடுத்திருந்தார்கள். அது கசகசக்கிறது என்று இரண்டு பேருமே மாட்டுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இந்த வேலையைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் ரொட்டியும் முட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு மெல்லப் பேச்சைத் தொடங்கினாள். அவர் குளித்துவிட்டு வந்தவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். அந்த மாதத்தில் எத்தனையாவது இடியோ.

"பாத்து வரக்கூடாதா?"

"யாரு இந்த நிலைய இங்க கொண்டாந்து வச்சது?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"நாம இந்த வீட்டுக்கு வந்த நாளா அது அங்கதான் இருக்கு."

"அப்ப நான்தான் பெருத்துட்டேன் போல. நீ போடுற ரொட்டி அப்படி."

"விளையாடாதீங்க. கை வலிக்குதா?"

"எந்தக் கை?"

"இடது கை."

"எதுக்கு வலிக்கணும்?"

"இல்ல, கேட்டேன். வேலையெல்லாம் முன்ன மாதிரி இருக்கா?"

"இன்னும் நல்லா இருக்கு. மேல காத்து வரும் பாரு, ஆளைத் தூக்கிட்டுப் போற மாதிரி. கீழ பாத்தா மனுஷங்க எறும்பாட்டம். உன் லாண்டரிகூடத் தெரியுது."

"கீழெல்லாம் எதுக்குப் பாக்குறீங்க? சுவத்தப் பாருங்க."

"சரிம்மா, சுவத்தையே பாக்குறேன்."

"வேற யாரையாச்சும் ஏறச் சொல்லிட்டு நீங்க உள்வேல பாக்கக் கூடாதா? உள்ளயும் அடிக்க இருக்குல்ல?"

அவர் ரொட்டியைப் பிய்த்த கையை நிறுத்தினார். மூக்குக்கு மேல் கோபம் வந்து உட்கார்ந்தது.

"உள்வேலைய வேல பழகுற பசங்க பாப்பாங்க. நான் ஏன் பாக்கணும்? எவனாச்சும் ஏதாச்சும் சொன்னானா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அவள் சாப்பிடுவதுபோல் பாவனை செய்தாள். இவ்வளவு தூரம் நெருங்கியும் பிடி கொடுக்காமல் நழுவுகிறாரே என்று அவளுக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தன. அன்றைய சட்டையிலும் இடது முழங்கையில் கறை இருந்தது. வழக்கம்போல எடுத்துவிட்டாள்.

மறுநாள் லாண்டரியில் ஒரு திரைச்சீலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை போன போக்கை முதலாளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"தேய்க்கிறியே, தெரியுதா உனக்கு?"

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"என்ன ஆச்சு? வாயத் தொறந்து சொல்லு. இது கடைக்கு வந்த சட்டை இல்ல, கேக்கலாம்."

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முதல் கடுகுப் புள்ளியிலிருந்து நேற்றைய முழங்கை வரைக்கும். முதலாளியம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"அவருக்குத் தெரியும்ங்கிற?"

"தெரியாம எப்படிம்மா? துணி அவர் உடம்புல இருக்கு."

"நீ எடுத்துடுறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி? சாயங்காலம் இருக்குறது காலைல இல்லையே."

"ரெண்டு பேரும் ஊமை நாடகமா ஆடுறீங்க? நல்ல குடும்பம்." முதலாளியம்மா திரைச்சீலையை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். "ஒண்ணு பண்ணு. இன்னிக்கு எடுக்காத. அப்படியே துவைச்சு, அப்படியே இஸ்திரி போட்டுக் கையில குடு. பாத்தா வாய் திறந்துதான ஆகணும்? கத்துவாரு, கத்தட்டும். கத்துனாத்தான் பேச்சு வரும்."

"மானம் போயிடும்னு நெனப்பாரும்மா."

"மானம் போனா திரும்பி வரும். ஆளு போனா?"

சாயங்காலம் வரை அந்த வார்த்தையே அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து, எல்லாக் கறைக்கும் தாத்தா மாதிரி ஒரு கறை வந்தது. மழைநீர்க் குழாய்களுக்கு அடிக்கிற நீல எனாமல் பெயிண்ட். பாக்கெட்டுக்குக் கீழே, இடது விலாவில், உள்ளங்கை அகலத்துக்கு அப்பிக்கொண்டிருந்தது. ஈரக் குழாய்மேல் சாய்ந்திருப்பார். இத்தனை பெரியதை வைத்துக்கொண்டு டீக்கடையில் எப்படித்தான் சுற்றிக் காட்டினாரோ என்று நினைத்தாள். அல்லது இன்றைக்குக் கடைப்பக்கம் போகவே இல்லையோ. டர்பன்டைன் பாட்டிலை இரண்டு தடவை கையில் எடுத்தாள். இன்னும் முழுசாகக் காயவில்லை, இப்போது ஒற்றினால் சுலபமாக வந்துவிடும் என்று விரல்கள் துடித்தன. பாட்டிலை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சோப்பில் மட்டும் அலசினாள். நீலம் அசையவில்லை. காலையில் அதன்மேலேயே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினாள். சூடு பட்டால் கறை துணியோடு சேர்ந்துவிடும் என்று தெரிந்தே ஓட்டினாள். அவள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

சட்டையை நாற்காலிமேல் விரித்து வைத்துவிட்டு, டீ போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டாள். திட்டு எந்த நிமிஷமும் வரும் என்று முதுகு காத்துக்கொண்டிருந்தது.

அவர் சட்டையை எடுத்தார். உதறினார். மாட்டினார். கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். காலரை இழுத்துவிட்டார். தலையை வாரினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் அந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது. அடுப்படியிலிருந்தே தெரிந்தது.

"பாத்தியா?" என்றார் அவர்.

"என்னங்க?"

"அந்தக் காத்துல, அந்த ஆட்டத்துல நின்னு அடிக்கிறேன். ஒரு சொட்டு இருக்கா பாரு." கைகளை விரித்து ஒரு சுற்று சுற்றினார். "இந்த ஊர்ல எவனையாச்சும் செய்யச் சொல்லு பாப்போம்."

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் கள்ளமே இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக நின்றார். டீயை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வெளியே போகும்போது நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இதுக்கு ஒருநாள் வைக்கிறேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையில் வலி இல்லை. அவமானத்தில் மறைக்கவும் இல்லை. அவருக்குத் தெரியவே இல்லை. இடது பக்கம் அவர் கண்ணில் படவே இல்லை. தோள், விலா, தொடை, கதவு நிலை, எல்லாம் ஒரே பக்கம். மழை தொடங்கிய நாளிலிருந்து அவர் பாதிக் கண்ணோடு நடமாடிக்கொண்டிருக்கிறார். தினமும் வெளுத்த சட்டையைக் கையில் கொடுத்து, ஒரு குறையும் இல்லை என்று அவரை நம்ப வைத்து அனுப்பியது யார்?

அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லை. தனக்குக் கட்டி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருவில் யாரோ ஏதோ கேட்டார்கள், காதில் விழவில்லை. கட்டடத்தை எட்டும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஆறாவது மாடி உயரத்தில், சுவரில் ஒட்டின தீக்குச்சி மாதிரி பலகை. அதில் ஒரு வெள்ளை, பக்கத்தில் ஒரு காக்கி.

கூப்பிட வாயைத் திறந்தவள் பொத்திக்கொண்டாள். குரல் கேட்டுத் திரும்பினால்? எந்தப் பக்கம் திரும்புவார்?

"யாரும்மா? உள்ள போகக் கூடாது" என்றார் வாட்ச்மேன்.

"வீட்டுக்காரருக்குச் சாப்பாடு. மறந்துட்டுப் போயிட்டாரு."

"குடுத்துட்டுப் போங்க, மத்தியானம் இறங்குவாங்க."

"மருந்து. சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிட வேண்டிய மருந்து."

"இப்பதான் சாப்பாடுன்னீங்க?"

"ரெண்டும்தாங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஒதுங்கிக்கொண்டார். லிஃப்ட் இன்னும் வைக்கவில்லை. கைப்பிடி இல்லாத படிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆறாவது மாடியில் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். பூசின சிமென்ட் வாசனை, மூலையில் மணல், ஜன்னல்களுக்கு இன்னும் கம்பிகூட வைக்கவில்லை. கடைசி அறையின் ஜன்னலுக்கு வெளியே பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஜன்னலுக்குப் போய் நின்றாள். அவர் சுவரைப் பார்த்தபடி ரோலரை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் அவருக்கு இடது கைப்பக்கம். அதற்கும் அந்தப் பக்கத்தில், பலகையின் முனையில் தம்பி. அவள் கையை நீட்டினால் அவர் சட்டையைத் தொட்டுவிடலாம். அவ்வளவு பக்கம். அவர் ஏதோ பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் உருட்டிவிட்டுப் போன இடத்தில் இடது ஓரம் முழுக்க வெறும் சுவராக விட்டுப்போயிருந்தது. தம்பி பின்னாலேயே தன் பிரஷ்ஷால் சத்தமில்லாமல் அதை நிரப்பிக்கொண்டு வந்தார்.

கொழுந்தன் அவளைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது. உதட்டில் விரலை வைத்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் காற்றுதான் இருந்தது. அதன் வழியாக ஒரு கொழுந்தனும் அண்ணியும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். உனக்குத் தெரியுமா? தெரியும் அண்ணி. உங்களுக்கு? எனக்கும்.

"அண்ணே" என்றார் தம்பி, சாதாரணமாக. "ரோலர வாளியில வை. உள்ள போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."

"இப்பதான்டா ஏறுனோம்."

"தலை சுத்துற மாதிரி இருக்குண்ணே."

"உனக்கா? சொல்லக் கூடாதா முதல்ல? இரு, இரு, நீ அசையாத. நான் முதல்ல உள்ள போயி உன் கையப் புடிக்கிறேன்."

அவருக்குத் தம்பிமேல் உயிர். பலகை ஆடியது. ஜன்னல் எங்கே என்று வலது பக்கம் தேடினார். இல்லை. தம்பி அவர் பேன்ட்டின் இடுப்பைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம்ணே, இடது பக்கம். நல்லாத் திரும்பு" என்றார். அவர் தலையை முழுசாகத் திருப்பினார். ஜன்னலில் பெண்டாட்டி நிற்பதைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. பலகை சுவரில் முட்டியது. அவள் டப்பாவைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்தாள். எப்படி இழுத்தாள், எப்படி உள்ளே வந்தார், பின்னாலேயே தம்பி எப்படிக் குதித்தார் என்று கேட்டால் மூன்று பேருக்கும் சொல்லத் தெரியாது. மூவரும் சிமென்ட் தரையில் கிடந்தார்கள்.

"உனக்கென்ன பைத்தியமா? இங்க எதுக்கு வந்த?" என்று கத்தினார் அவர்.

அவளுக்கு இரைத்தது. "உங்க சட்டையில என்ன இருக்குன்னு பாருங்க."

"சட்டைக்கு என்ன?"

"இடது பக்கம் பாருங்க. பாக்கெட்டுக்குக் கீழ. குனிஞ்சு, தலையத் திருப்பிப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். துணியை இழுத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். நீலத்தைக் கட்டை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது நேத்து அடிச்ச குழாய்க் கலராச்சே" என்றார் மெதுவாக.

"நேத்துதான். இதோடவே துவைச்சு, இதோடவே இஸ்திரி போட்டுக் குடுத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு சொட்டு இருக்கா பாருன்னீங்க."

"நேத்து மட்டுமா?"

"மழை தொடங்கினதுலருந்து."

"அத்தனையும்?"

"நான்தான் எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், வெக்கத்துல சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாத்தியாடா?"

"பாத்தேண்ணே. சாயங்காலம் சட்டையில இருக்கும், காலைல இருக்காது. சரி, அண்ணன் பாத்துட்டுத்தான் அண்ணிகிட்டச் சொல்லி எடுத்துக்குறாரு, தெரிஞ்சுதான் இருக்காருன்னு நானும் நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். டீக்கடையில சுத்திக் காட்டுறப்பகூட, வீம்புக்குப் பண்றாருன்னு பேசாம இருந்தோம்."

"ஓரமெல்லாம்?"

"நான் நிரப்பிடுவேன்."

"வேற?"

தம்பி தரையில் கிடந்த டப்பாவை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"வேற என்னடா?"

"கயிறுண்ணே. முடிச்சு நீதான போடுவ. இடது பக்கம் ரெண்டு சுத்து வர்ற எடத்துல ஒரு சுத்துதான் வரும். பிரஷ்ஷ விட்டுட்டேன்னு சாக்குச் சொல்லி மேல போயி நான் மறுபடி கட்டிட்டு வருவேன்."

வெளியே பலகை சுவரில் தட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குக் கட்டுனியா?" என்று கேட்டார் அவர்.

தம்பி ஜன்னல் வழியாகக் கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னிக்கு நான் லேட்டாத்தான வந்தேன். நீ பலகையில நின்னு கூப்பிட்டுட்டே இருந்த. நேரா ஏறிட்டேன்." சொல்லிவிட்டுத் தம்பி எழுந்து, படியில் தடதடவென்று மொட்டைமாடிக்கு ஓடினார்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபம் யாரைத் தேடுவது என்று தெரியாமல் சுற்றி, கடைசியில் அவள்மேல் வந்து விழுந்தது.

"நீ எடுக்காம விட்டிருந்தா நான் முதல் நாளே இறங்கியிருப்பேன். என் கண்ணுல எனக்குத் தெரியாதத நீ தெரிஞ்சுக்கிட்டு, துடைச்சுத் துடைச்சு என்னை மேல ஏத்தி விட்டிருக்க. இவன வேற கூட ஏத்திருக்கேன். ரெண்டு புள்ளைங்களுக்கு அப்பன்டி அவன்."

அவள் அழுதாள். அவர் சொன்னதெல்லாம் அவளே ஓடிவந்த வழி முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டதுதான்.

"எங்கெங்க இருந்துச்சு?" என்றார் அவர்.

"என்னது?"

"கறைதான். சொல்லு. ஒவ்வொண்ணாச் சொல்லு."

அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவர் தோளில் விரலை வைத்தாள். "இங்க சாம்பல். அதுதான் முதல்ல." கைமடிப்பைத் தொட்டாள். "இங்க கிரீம். ரெண்டு தடவ." விலாவைத் தொட்டாள். "பச்சை." தொடையில் நீளமாக விரலை இழுத்தாள். "இங்க வெள்ளை, இவ்வளவு நீளம்." முழங்கை, காலரின் ஓரம், இடுப்புப் பக்கம். எடுத்த கறை எதுவும் அவளுக்கு மறந்திருக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடுகிற இடத்திலெல்லாம் அவர் உடம்பு லேசாக ஒடுங்கியது.

தம்பி இறங்கி வந்தார். வாசலில் நின்று, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அவ்வளவு கயிற்று நுனிதான் மேலே தூணில் மிச்சம் இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் காலையிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

அவர் அந்த விரல்களையே பார்த்தார். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழாத" என்றார் அவர். "நான் சொன்னது பொய்."

"எது?"

"நீ எடுக்காம விட்டிருந்தா இறங்கியிருப்பேன்னு சொன்னேனே, அது." அவர் நீலத்தை மறுபடி தடவினார். "இறங்கியிருக்க மாட்டேன். வெயில்ல கண்ணு கூசுது, வயசாகுது, அப்படி இப்படின்னு மாசக்கணக்கா எனக்கே கதை சொல்லிட்டிருக்கேன். உன் மூஞ்சியப் பாத்துப் பேசுறப்போ உன் ஒரு காதும் கம்மலும் காணாமப் போகும். தலையத் திருப்புனா வரும். அதக்கூட நான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டப் போவோம்" என்றாள்.

"அவரு இனி மேல ஏறாதம்பாரு."

"சொல்லட்டும்."

"சட்டைய மாத்திட்டுப் போவோமா?"

"வேணாம். இதோடவே வாங்க."

அவர் எழுந்தார். அறை வாசலில் நின்று, நிலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தாண்டினார். கைப்பிடி இல்லாத படிக்கட்டு அவருக்கு இடது பக்கம் திறந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கமாகப் போய், நீலம் அப்பின விலாவில் தோளை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ அங்க இருக்கியா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கேன். காலை வைங்க."